பலகைக்குள் ஒளிந்திருக்கும் கிண்ணம்

முதலில் ஒரு புதிர். 8 இஞ்ச் நீளம், 8 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனம். இப்படி ஒரே ஒரு மரப்பலகை. இதிலிருந்து 3 இஞ்ச் உயரமுள்ள ஒரு கிண்ணம் செய்ய வேண்டும். வேறு மரம் எதுவும் சேர்க்கக் கூடாது. முடியுமா?

முடியாது என்று தான் யாருக்கும் முதலில் தோன்றும். முக்கால் இஞ்ச் பலகைக்குள் 3 இஞ்ச் உயரம் எப்படி இருக்க முடியும்? ஆனால் இருக்கிறது! அதை வெளியே எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவு தான்.

பஸ் பயணத்துக்கு முன்பெல்லாம் மடக்கு டம்ளர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். தட்டையாக ஒரு டப்பா மாதிரி இருக்கும். மேலே இழுத்தால் வளையம் வளையமாக விரிந்து டம்ளராகி விடும். ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் சாய்வாக இருப்பதால் மேலே உள்ளது கீழே உள்ளதில் இறுகி நின்று கொள்ளும். பொருட்காட்சிகளில் விற்கும் மடக்குப் பழக்கூடையும் இதே ஜாதி தான். கீழே வைத்தால் ஒரு பலகை. தூக்கினால் கூடை. மரக்கிண்ணமும் இதே கதை தான். ஒரே வித்தியாசம், விரித்த பிறகு மடக்குவதில்லை. பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள்.

சரி, இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

பலகையில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று என்று வரைய வேண்டும். வாளை நேராகப் பிடித்து அறுத்தால் வெறும் வளையங்கள் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஒட்டாது, சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள் விழுந்து விடும். அதனால் சாய்த்து அறுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு வளையத்துக்கும் மேல் பக்கம் அகலமாகவும் கீழ்ப் பக்கம் குறுகலாகவும் இருக்கும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதில் தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் வளையத்தின் அடிப்பகுதியும் இரண்டாவது வளையத்தின் மேல்பகுதியும் ஒரே அளவில் வர வேண்டும். அப்படி வந்தால் முதலாவதை இரண்டாவதின் மேல் தூக்கி வைக்கலாம். சுவர் ஒரே சாய்வாக இறங்கும்.

இதற்கு தச்சர் கணக்கே போதும். ஒரு இஞ்சுக்கு 8 நூல். முக்கால் இஞ்ச் பலகை என்றால் 6 நூல் கனம். வளையத்தின் அகலம் 3 நூல் என்று வைத்துக் கொண்டால், 6 நூல் கீழே இறங்குவதற்குள் வாள் 3 நூல் உள்ளே போக வேண்டும். அதாவது இரண்டுக்கு ஒன்று. கோணமாகச் சொன்னால் செங்குத்திலிருந்து 26.6 டிகிரி. பத்தாம் வகுப்பில் படித்த டேன் தீட்டா இங்கே தான் வேலைக்கு வருகிறது :-) பிளேடும் கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்பதால் 27, 28 டிகிரி என்று வைத்துக் கொள்வது வழக்கம். வளையத்தை மெல்லியதாக, 2 நூல் அகலத்தில் அறுத்தால் 18.4 டிகிரி போதும். கிண்ணத்தின் சுவர் இன்னும் செங்குத்தாக நிற்கும்.

மேலே சொன்ன 8 இஞ்ச் பலகையில் 3 நூல் அகலத்தில் 3 வளையம், நடுவில் மிஞ்சும் வட்டத் தட்டு அடிப்பாகம். மொத்தம் 4 அடுக்கு. நாலு முக்கால் 3 இஞ்ச். வாய் 8 இஞ்ச், அடி 5 இஞ்ச். புதிருக்கு விடை கிடைத்து விட்டது.

இதை அறுக்கும் இயந்திரத்துக்குப் பெயர் ஸ்க்ரோல் சா. தச்சுப் பட்டறைகளில் கையில் பிடித்து அறுக்கும் ஜிக்சா வேறு, இது வேறு. பார்ப்பதற்குத் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஊசிக்குப் பதில் கம்பி போல மெல்லிய பிளேடு. அது இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். துணியை நகர்த்துவது போலப் பலகையைக் கையால் நகர்த்த வேண்டும். பிளேடு மெல்லியது என்பதால் எந்த வளைவிலும் திரும்பும். பத்தர்கள் தகடு அறுக்கும் வில் மாதிரியான சின்ன வாளுக்கு மோட்டார் வைத்தால் எப்படி இருக்கும்? அது தான். 19ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் காலால் மிதித்து ஓட்டினார்கள். இன்றைய சின்ன இயந்திரங்கள் சுமார் 100 வாட் மின்சாரம் தான் எடுக்கும். ஒரு சீலிங் ஃபேனை விடக் கொஞ்சம் அதிகம். த்ரீ ஃபேஸ் இணைப்பு எதுவும் வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே வைத்து ஓட்டலாம். அதன் மேசையைச் சாய்த்து வைக்க முடியும் என்பது தான் கிண்ணத்துக்கு ஆதாரம். அமெரிக்காவில் கரோல் ராத்மன் என்பவர் 2010ல் இந்த வேலைக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம் இந்த வேலை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வெளி வட்டத்தை அறுப்பது சுலபம். ஓரத்திலிருந்து உள்ளே போய் விடலாம். உள் வட்டத்துக்கு அந்த வழி கிடையாது, வளையத்தை வெட்டாமல் உள்ளே போக முடியாது. அதனால் கோட்டின் மேலேயே சின்னதாக ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளை வழியே விட்டு மறுபடி மாட்ட வேண்டும். இந்தத் துளையும் அதே 27 டிகிரி சாய்வில் நடுவை நோக்கி இறங்க வேண்டும். நேராகப் போட்டால் வளையத்தில் பள்ளம் விழுந்து விடும். ஒரு மரத்துண்டை அதே கோணத்தில் அறுத்துப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, அதை ஒட்டினாற் போல் ட்ரில்லைப் பிடித்துத் துளை போடுவது எளிய வழி. பிளேடு வாங்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். சில பிளேடுகளின் முனையில் குறுக்கே ஒரு ஆணி இருக்கும். அது சின்னத் துளையில் நுழையாது. முனை வெறுமையாக இருக்கும் பிளேடு தான் இதற்கு லாயக்கு.

அடுத்தது திசை. மேசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பலகையை எந்தப் பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கிறோமோ கடைசி வரை அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் சாய்வு தலைகீழாகி விடும். மேலே குறுகல், கீழே அகலம். அந்த வளையம் குப்பைக்குத் தான்.

எல்லா வட்டத்தையும் முதலிலேயே வரைந்து வைத்துக் கொண்டு அறுப்பது அவ்வளவு நல்லதில்லை. முதல் வளையத்தை அறுத்து எடுத்து, மீதிப் பலகையின் மேல் வைத்து, அதன் உள் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். அது தான் இரண்டாவது வளையத்துக்கு அறுக்கும் கோடு. முதல் வளையத்தில் கை கொஞ்சம் கோணியிருந்தால் அந்தக் கோணல் அப்படியே அடுத்ததற்கும் இறங்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி விடும். தப்பைத் தானே சரி செய்து கொள்ளும் முறை!

கோணல் பொருந்தும் என்றால் என்ன அர்த்தம்? கிண்ணம் வட்டமாகத் தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. பூ மாதிரி இருக்கலாம், இலை மாதிரி இருக்கலாம், முனை மழுங்கிய சதுரமாக இருக்கலாம். கடைசல் இயந்திரத்தில் இதற்கு வழியில்லை. அது மரத்தைச் சுற்றுகிறது, உளியை வைத்தால் வட்டம் தான் வரும்.

அறுத்த பிறகு ஒட்ட வேண்டும். மர இழைகள் எல்லா அடுக்கிலும் ஒரே திசையில் இருக்கும்படி வைப்பது முக்கியம். மரம் மழைக்காலத்தில் இழைக்குக் குறுக்கே விரியும், வெயிலில் சுருங்கும். எல்லா வளையமும் ஒரே பக்கம் விரிந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் விரிந்தால் ஒட்டு விட்டுப் போகும். ஃபெவிகால் தடவி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, போல்ட் போட்டு முறுக்கி ஒரு ராத்திரி விட வேண்டும். தேக்காக இருந்தால் ஒட்டுமிடத்தைத் தின்னர் தொட்டு ஒரு முறை துடைத்து விடுவது நல்லது. அந்த மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு.

பிறகு உப்புத்தாள். இங்கே தான் ஆள் சோர்ந்து போவார். ட்ரில்லில் மாட்டும் சின்ன உருளையில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே தேய்க்க வேண்டும். பசை வழிந்த இடம், பிளேடு போட்ட வரி, அடுக்கு சேருமிடத்தில் நிற்கும் விளிம்பு என்று எல்லாம் மறையும் வரை. மூக்கில் துணி கட்டாமல் இதைச் செய்யவே கூடாது. தேக்குத் தூள் தோலையும் மூச்சையும் படுத்தும்.

ஒரு தச்சரிடம் இதையெல்லாம் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்பது தெரிந்தது தான். "கடைசல்ல போட்டா ஒரு மணி நேர வேலை தம்பி. எதுக்கு இவ்வளவு சுத்தி வளைச்சுப் பண்ணணும்?"

நியாயமான கேள்வி. அதற்குக் கணக்குப் போட்டுத் தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே 8 இஞ்ச் வாய், 3 இஞ்ச் உயரக் கிண்ணத்தைக் கடைய வேண்டுமானால் 8க்கு 8க்கு 3 இஞ்ச் கட்டை வேண்டும். 192 கன இஞ்ச். ஒரு கன அடி என்பது 1728 கன இஞ்ச். ஆக, கட்டை ஒன்பதில் ஒரு கன அடி. வளைய முறையில் வேண்டியது 8க்கு 8க்கு முக்கால், 48 கன இஞ்ச். முப்பத்தாறில் ஒரு கன அடி. நாலில் ஒரு பங்கு! கிண்ணமாக நிற்கும் மரம் ஏறக்குறைய 34 கன இஞ்ச் தான். கட்டையில் கடைந்தால் நூற்றுக்கு 80க்கும் மேலான பங்கு சீவலாகப் பறந்து விடும்.

கன அடி 3600 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளலாம். கடைந்த கிண்ணத்தின் மரச்செலவு 400 ரூபாய், வளையக் கிண்ணத்துக்கு 100 ரூபாய். ஆகா, 300 ரூபாய் லாபம் என்று குதிக்கக் கூடாது. கூலி இருக்கிறதே! ஒரு நாள், 8 மணி நேரம், 1000 ரூபாய் என்று வைத்தால் ஒரு மணி நேரக் கடைசலுக்கு 125. மொத்தம் 525. வளையக் கிண்ணத்தில் பிளேடு சுற்றி வர வேண்டிய தூரம் மட்டும் 86 இஞ்ச், ஏழு அடிக்கு மேல். துளை, ஒட்டு, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து அரை நாள் போனால் 500. மரம் 100. மொத்தம் 600. தச்சர் சொன்னது சரி தான்! மரத்தில் மிச்சம் பிடித்ததைக் கூலி தின்று விட்டது.

ஒன்று ஒன்றாகச் செய்தால் தான் இப்படி. ஆறு பலகையை வரிசையாக அறுத்து, ஒரே ராத்திரியில் ஆறையும் ஒட்ட வைத்து, ஒரே மூச்சில் தேய்த்தால் நேரம் குறையும். நாளைக்கு 3 கிண்ணம் என்று வந்தால் கூலி 333, மொத்தம் 433. இப்போது கடைசலை விடக் குறைவு. ஆனாலும் இந்தத் தொண்ணூறு ரூபாய் வித்தியாசத்தை நம்பி யாரும் தொழிலில் இறங்கக் கூடாது. பிளேடு உடையும், இயந்திரம் தேயும், சில வளையங்கள் விரிசல் விடும். அதற்கெல்லாம் இந்தப் பணம் சரியாகி விடும்.

கணக்கை மாற்றுவது வேறொன்று. 100 ரூபாய் என்று போட்ட மரத்தை உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கதவு, நிலை, ஜன்னல் செய்யும் எந்தப் பட்டறையிலும் மூலையில் ஒரு குவியல் கிடக்கும். இரண்டு இஞ்ச் அகலத் தேக்கு, ஒரு முழ வேங்கை, கணு விழுந்த பலா. அறுப்பு மிச்சம். எதற்கும் நீளம் போதாது, கடைசியில் விறகு. இதே துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் 8 இஞ்ச் பலகை தயார். தேக்கின் பழுப்பும் பலாவின் மஞ்சளும் பட்டை பட்டையாக வரும். அதை வளையமாக அறுத்து அடுக்கும்போது அந்தப் பட்டைகள் கிண்ணத்தின் சுவரில் படி படியாக இறங்கும். காசு கொடுத்து வாங்கிய ஒற்றை மரக் கிண்ணத்தை விட இது தான் அழகு என்று தாராளமாகச் சொல்லலாம். காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். இந்தத் துண்டுக்கு அது விறகின் விலை, அவ்வளவே. கட்டை வேண்டும் என்கிற கடைசலுக்கு இந்தக் குவியல் எந்த உபயோகமும் இல்லை.

ஊரைப் பற்றிப் பேசும்போது மரத்தையும் சொல்லி விட வேண்டும். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, அது தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். அங்குள்ள சிவனுக்குப் பெயரே திந்திரிணீஸ்வரர். ஆனால் இந்த வேலைக்குப் புளிய மரம் சரிப்பட்டு வராது! கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடும் அளவுக்கு இறுகிய மரம். கம்பி போன்ற பிளேடு அதில் படாத பாடு படும். பழகுகிறவர்களுக்கு மாமரம் நல்லது. மென்மையானது, மலிவானது.

எல்லாவற்றிலும் பொருத்தமானது பூவரசு என்று சொல்லலாம். இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுவார்களே, அந்த மரம். உள் வைரம் கரும்பழுப்பு. ஹவாய் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். உணவில் எந்த வாடையும் ஏற்றாது என்பதால் அங்கே காலங்காலமாக இதிலும் உணவுக் கிண்ணங்கள் குடைந்தார்கள். தமிழிலும் மரப்பாத்திரத்துக்கு மரவை என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. உப்பும் ஊறுகாயும் அதில் இருந்தன. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்து அதைப் பழம்பொருள் கடைக்கு அனுப்பி விட்டன.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. இந்தக் கரையில் புயலும் விழும் மரமும் புதிதல்ல. விழுந்த மரத்தை 3 இஞ்ச் கட்டையாக வைத்துக் காய வைத்தால் வெடித்துப் போகும். ஒரு இஞ்ச் பலகையாக அறுத்து, நடுவில் ரீப்பர் வைத்து அடுக்கி, நிழலில் ஒரு வருஷம் விட்டால் காய்ந்து விடும். இங்கேயும் மெல்லிய பலகைக்குத் தான் ஜெயம்.

யாருக்கு இதனால் என்ன? ரெடிமேட் கதவும் யுபிவிசி ஜன்னலும் வந்த பிறகு சின்ன ஊர்த் தச்சர்களுக்கு வேலை தொடர்ச்சியாக வருவதில்லை. ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீடு வரும் வரை சும்மா இருக்கும் நாட்கள் நிறைய. அந்த நாட்களின் கூலி எப்படியும் பூஜ்யம் தான். அப்போது செய்யும் கிண்ணத்துக்கு மேலே போட்ட 333 ரூபாய் கூலி செலவே இல்லை, வரவு. கூலி கொடுத்து ஆள் வைக்கும் முதலாளிக்கு நஷ்டமாகத் தெரிகிற அதே வேலை, சொந்தக் கையால் செய்கிறவருக்கு லாபம்.

முன்பு விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்து 2019ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பங்களுக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தலைமுறைத் தொழில், வருடக் கணக்கில் கற்க வேண்டிய வித்தை. வளையக் கிண்ணம் அப்படியல்ல. சில வாரங்கள் கை பழகினால் போதும், தையல் மிஷின் ஓட்டத் தெரிந்த பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். சுய உதவிக் குழுக்கள் இதை யோசிக்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மர வேலையும் இருந்தது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். படிப்பை முடித்து விட்டு வேலை தேடும் பையனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இது கொஞ்சம் அநியாயம் தான். புதிதாகக் கற்றுக் கொள்ளும் வயது எது என்று யோசித்திருக்கலாம்.

விற்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அங்கேயும் ஆரோவில் பக்கமும் கையால் செய்த பொருளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவரிடம் ஒரு உண்மையைச் சொல்லித் தான் விற்க வேண்டும். இதில் ரசம் ஊற்ற முடியாது. சூடும் ஈரமும் பட்டால் ஒட்டு இளகும். பழம், முறுக்கு, சாவிக்கொத்து, இவற்றுக்குத் தான். பூச்சுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷ் போதும், எந்தத் தச்சருக்கும் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருக்கிறது, அது வேண்டாம். காயவே காயாது, சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும்.

வட்டக் கிண்ணம் மட்டும் செய்ய வேண்டாம். அதில் கடைசல்காரரோடு போட்டி போட முடியாது, சன்னபட்டணத்துக் கடைசல் சாமான்கள் ஏற்கனவே எல்லா ஊர்க் கடையிலும் இருக்கின்றன. கடைசலால் முடியாததைச் செய்ய வேண்டும். பட்டுப் புடவை பார்டரில் வருகிற மாங்காய் வடிவம் ஒன்று போதும். வாலின் முனையைக் கூராக விடாமல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளைத்து வரைந்து கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் சுற்றிய உருளை உள்ளே போகாது.